மதினிக்கு விலக்கிய பழம்

என் மதினிக்கு எதையும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை. அண்ணன் இறந்த பிறகு தூத்துக்குடியிலிருந்து அவரை ரயிலில் அழைத்து வந்தபோதே இதை நான் கவனித்திருக்க வேண்டும். வண்டி கிளம்பியதும், ஏதாவது பேச வேண்டுமே என்பதற்காக, "ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டாதீங்க மதினி" என்றேன். புனே வந்து சேரும்வரை இரண்டு கைகளையும் மடியிலேயே வைத்திருந்தார். வழியில் ஒரு ஸ்டேஷனில் டீக்காரன் ஜன்னலருகே கோப்பையை நீட்டியபோதுகூட என் முகத்தைத்தான் பார்த்தார். நான் வாங்கிக் கொடுத்தேன். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். புனேயை ஒட்டிய நிக்டியில், இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. நான் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தேன். வேதியியலில் முதுகலைப் பட்டம். என் மனைவி பள்ளி ஆசிரியை. மகள் அப்போது உயர்நிலைப் பள்ளியில் இருந்தாள். காலையில் நாங்கள் மூவரும் கிளம்பிவிட்டால் மாலை வரை மதினி தனியாக இருப்பார். மராட்டியும் தெரியாது, இந்தியும் தெரியாது. பகலில் ஒரு வார்த்தை பேசுவதென்றால் ரேடியோவோடுதான் பேச வேண்டும். அதிலும் தமிழ் வராது.

வந்த முதல் வாரத்தில், "நாங்க இல்லாதப்ப யார் வந்து தட்டினாலும் கதவைத் திறக்காதீங்க" என்று சொல்லி வைத்திருந்தேன். ஒருநாள் எனக்குக் காய்ச்சல். மதியமே திரும்பி வந்து மணியை அடித்தேன்.

"யாரு?"

"நான்தான் மதினி."

"தம்பி கொரலு மாதிரில்லா இருக்கு."

"தம்பிதான். திறங்க."

"யாரு வந்தாலும் தொறக்கக் கூடாதுன்னு தம்பி சொல்லியிருக்காவளே."

"அந்தத் தம்பிதான் இப்ப திறக்கச் சொல்றேன்!"

உடனே தாழ்ப்பாள் விலகியது. "இத முன்னமே சொல்லியிருந்தா முன்னமே தொறந்திருப்பேன்லா" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. காய்ச்சலோடு நான் படியில் உட்கார்ந்து சிரித்தேன். இதை ஆபீசில் சொன்னேன், வந்த விருந்தாளிகளிடமெல்லாம் சொன்னேன். பல வருஷம் எங்கள் வீட்டு நகைச்சுவை அதுதான். மதினி அன்று என்னைக் கேலி செய்தாரா என்பது எனக்கு இன்றும் தெரியாது. அவர் போய் இருபது வருஷமாகப் போகிறது. இப்போது கேட்கவும் முடியாது.

அண்ணனுக்கும் அவருக்கும் பிள்ளையில்லை. அதற்காகக் கல்யாணமான புதிதில் கந்த சஷ்டி விரதம் தொடங்கியிருக்கிறார். தீபாவளி கழிந்து ஆறு நாள். சோறு கிடையாது, பாலும் பழமும் மட்டும். பிள்ளை பிறக்கவில்லை. பிறக்கிற வயதும் போயிற்று. அண்ணனும் போனார். விரதம் மட்டும் நிற்கவில்லை. நிக்டிக்கு வந்த முதல் வருஷம் என் மனைவி கேட்டாள்: "இன்னும் எதுக்குக்கா இந்தப் பட்டினி?"

"நிறுத்தலாம்னு யாரும் சொல்லலியே" என்றார் மதினி.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் செய்தித்தாளைப் பார்த்தேன்.

அவர் தானாக விரும்பிச் செய்த ஒரே காரியம் பழம் வாங்குவது. புரந்தர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மராட்டிக்காரம்மா தலையில் கூடையோடு வருவாள். பருவத்துக்கு ஏற்றபடி அத்திப்பழமோ கொய்யாவோ சீத்தாப்பழமோ இருக்கும். எங்கள் கட்டடத்தின் மாடிப்படியில் கூடையை இறக்குவாள். மதினி கதவைத் திறந்து வெளியே போய் உட்காருவார். கூடைக்காரிக்குக் கதவு திறக்கலாம் என்று என்னிடம் கேட்டு அனுமதி வாங்கியிருந்தார். அவர் என்னிடம் கேட்டு வாங்கியதாக நினைவிருப்பது அது ஒன்றுதான். இவர் தூத்துக்குடித் தமிழில் பேசுவார், அவள் மராட்டியில் பேசுவாள். ஒரு விடுமுறை நாளில் நான் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மதினி தன் மாமியாரைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். அவள் மழையைப் பற்றியோ மருமகளைப் பற்றியோ ஏதோ சொன்னாள். "அப்பிடிச் சொல்லு" என்றார் மதினி. இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

சீத்தாப்பழக் காலம் வந்தால் எங்கள் வீட்டு மாலைகளே மாறிவிடும். அந்தப் பழத்தை அவசரமாகத் தின்ன முடியாது. ஒவ்வொரு சுளையையும் வாயில் போட்டு, சதையை நாக்கால் கழற்றி, கொட்டையைத் துப்ப வேண்டும். சாப்பாட்டு மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து, பழத்தைக் கையாலேயே பிளந்து, ஆளுக்கொரு பாதியாக மதினி வைப்பார். அப்போதுதான் பேசுவார். மற்ற நேரத்தில் "சரி தம்பி", "ஆகட்டும் தம்பி" என்பதற்கு மேல் வராதவர், வாயில் கொட்டையை ஒதுக்கிக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவார். அண்ணன் மாப்பிள்ளை அழைப்பில் செருப்பைத் தொலைத்த கதை, உப்பளத்தில் வேலை பார்த்த பக்கத்து வீட்டுக்காரியின் சண்டை, எல்லாம் அந்த மேஜையில் கேட்டவைதான். என் மகளுக்குப் பாதிச் சொற்கள் புரியாது. "பெரியம்மா, ஸ்லோவா சொல்லுங்க, அளம்னா என்னா?" என்பாள். மதினி இன்னொரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

நாலைந்து வருஷம் இப்படிப் போனது. ஒரு மழைக்காலத்தில் அவருக்குக் கால் எரிச்சல், அடிக்கடி தாகம். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. எங்கள் பேட்டை டாக்டர் மாத்திரை எழுதினார். இனிப்பை நிறுத்தச் சொன்னார், சோற்றைக் குறைக்கச் சொன்னார். பழத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மேஜையில் உட்கார வைத்து மதினிக்கு நான் விளக்கினேன்.

"ரெண்டு விஷயம் மதினி. ஒண்ணு, மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது. ரெண்டாவது, பழம் கூடாது."

அவர் முதல் முறையாக எதிர்க் கேள்வி கேட்டார். "பழத்துல இருக்கது வேற இனிப்பு இல்லியா தம்பி? அது சாமி போட்டதுல்லா?"

"சாமி போட்டா என்ன, ஆலைக்காரன் போட்டா என்ன? ரத்தத்துக்குள்ள போனா எல்லாம் சர்க்கரைதான்."

"கொய்யாவுமா?"

"கொய்யாவும்தான்."

"சரி தம்பி."

அவ்வளவுதான். ரத்தத்துக்குள் போனால் எல்லாம் சர்க்கரைதான் என்ற என் வாக்கியம் எனக்கே பிடித்துப் போயிற்று. மறுநாள் ஆபீசில் அதைச் சொல்லிக் காட்டினேன். முழுப் பழத்தில் நார் இருக்கிறது, அதன் சர்க்கரை மெதுவாகத்தான் ரத்தத்தில் ஏறும், சாறாகப் பிழிந்து குடிப்பதும் கடித்துத் தின்பதும் ஒன்றல்ல என்பதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. யோசித்திருந்தால் நினைவுக்கு வந்திருக்கும். நான் யோசிக்கவில்லை. பழத்தை விலக்கிய நான், டீயோடு நாலு மேரி பிஸ்கட் அவர் தின்பதை ஒன்றும் சொல்லவில்லை; அது இனிப்பாக இல்லையே என்று விட்டுவிட்டேன்.

ஏன் சொன்னேன் என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். என் அப்பாவுக்கு இதே நோயில் காலை எடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பயம் ஒரு காரணம். தெரிந்தவன் என்று ஒருவர் என்னை நம்பி உட்கார்ந்து கேட்டது இன்னொரு காரணம். மூன்றாவதையும் எழுதிவிடுகிறேன். அந்தச் சீத்தாப்பழ மாலைகள் எனக்கு அலுத்துப் போயிருந்தன. கேட்ட கதைகளையே கேட்டாயிற்று. எனக்கு டி.வி.யில் செய்தி பார்க்க வேண்டும். பழம் இல்லையென்றால் மேஜையில் கூட்டம் இருக்காது என்று நான் திட்டமிடவில்லை. ஆனால் கூட்டம் கலைந்தபோது எனக்கு வருத்தமாக இருக்கவில்லை.

கூட்டம் கலைந்துதான் போனது. நாங்கள் பழம் தின்னும்போது மதினி எதிரே உட்காருவது எங்களுக்குச் சங்கடம். அது அவருக்கும் தெரிந்திருக்கிறது. சாப்பாடு முடிந்ததும் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். கூடைக்காரி ஒரு மாதம்வரை வந்து பார்த்தாள். "காய் மாவ்ஷி?" என்று, என்ன சித்தி என்பதுபோல, மராட்டியில் படியிலிருந்தே கூப்பிடுவாள். மதினி கதவைப் பாதி திறந்து "நகோ" என்பார். வேண்டாம் என்று அர்த்தம். இத்தனை வருஷத்தில் அவர் கற்றுக்கொண்ட மராட்டி அந்த ஒரு சொல்தான். பிறகு அவள் எங்கள் மாடிக்கு ஏறுவதை நிறுத்திவிட்டாள்.

அந்த வருஷமும் தீபாவளி வந்தது, சஷ்டியும் வந்தது. மதினி விரதம் தொடங்கினார். அவர் பாலும் பழமும் சாப்பிட்டு இருக்கிற விரதத்தில் பழத்தை நான் எடுத்துவிட்டேன் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. மாத்திரையை ஒருநாள்கூட விடக் கூடாது என்று சொன்னதும் நினைவுக்கு வரவில்லை. மதினிக்கு இரண்டும் நினைவிருந்தன. காலையிலும் மாலையிலும் மாத்திரை போட்டுக்கொண்டார். ராத்திரி சர்க்கரை போடாத பால் ஒரு டம்ளர். "வெறும் பால் எப்பிடிக்கா தாங்கும்?" என்று என் மனைவி கேட்டது என் காதில் விழுந்தது. "அதெல்லாம் தாங்கும்" என்று மதினி சொன்னதும் விழுந்தது. நான் டி.வி.யிலிருந்து திரும்பவில்லை.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, பள்ளியிலிருந்து வந்த என் மனைவி மணியை அடித்திருக்கிறாள். பதில் இல்லை. என் காய்ச்சல் நாளுக்குப் பிறகு உள்தாழ்ப்பாளை எடுத்துவிட்டுப் பூட்டு மாற்றியிருந்தோம்; தன்னிடமிருந்த சாவியால் திறந்து உள்ளே போனால், மதினி சாப்பாட்டு மேஜையின் காலைப் பிடித்தபடி தரையில் கிடந்திருக்கிறார். உடம்பெல்லாம் வியர்வை. கூப்பிட்டால் விழிக்கிறார், ஆள் தெரியவில்லை. அவர் தலைக்கு மேலே, அந்த மேஜையில், தீபாவளிக்கு வந்த பழத்தட்டு அப்படியே இருந்தது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது குளுக்கோஸ் ஏற்றியிருந்தார்கள். மதினி கண் விழித்திருந்தார். என் மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். ஒரு பெண் டாக்டர், சின்ன வயது, கோபமாக இருந்தார். இந்தியில்தான் பேசினார்.

"வயிற்றில் ஒன்றுமே இல்லாமல் சர்க்கரை மாத்திரை போட்டிருக்கிறார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டார். விரதமென்றால் எல்லோரும் பழமாவது சாப்பிடுவார்களே. இவர் ஏன் சாப்பிடவில்லை? யார் வேண்டாம் என்றது?"

மதினி என்னைப் பார்த்தார். "என்ன கேக்காவ தம்பி?"

அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"ஏன் விரதம் இருந்தீங்கன்னு கேக்கறாங்க" என்றேன்.

"வருசா வருசம் இருக்கதுதானேன்னு சொல்லுங்க."

நான் டாக்டரிடம் திரும்பி, "அவர்கள் ஊரில் இந்த விரதம் ரொம்பக் கடுமை. பழம்கூடத் தொட மாட்டார்கள். நாங்கள் சொன்னால் கேட்பதில்லை" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் பொய்யே சொன்னதில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவர் எதிரிலேயே, அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அவரைப் பற்றிச் சொன்ன பொய் இது ஒன்றுதான். சொன்னால் கேட்காதவர் என்று மதினியைச் சொன்னேன்.

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு மதினியிடம் நேராகத் திரும்பி, மொழி தெரியாது என்பதையும் பொருட்படுத்தாமல், சத்தமாக, கையைக் காட்டிக் காட்டிப் பேசினார். விரதம் இருந்தால் மாத்திரையைப் பற்றி டாக்டரைக் கேட்காமல் இருக்கக் கூடாது. பழம் தாராளமாகச் சாப்பிடலாம். சாறு வேண்டாம், முழுப் பழமாக, இந்த அளவு, ஒரு நாளைக்கு ஒன்று. ரொம்ப இனிக்கிற பழமென்றால் பாதி. சோற்றை அதற்கேற்பக் குறைத்தால் போதும். "இவருக்குச் சொல்லுங்கள்" என்று என்னிடம் முடித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

"என்ன சொல்லுதாவ?"

"விரதம் இருந்தா மாத்திரை போடக் கூடாதாம். டாக்டரைக் கேட்கணுமாம்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லை."

"சரி தம்பி."

வீட்டுக்குப் போய்ப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். உடம்பு தேறட்டும் என்று ஒரு மாதம். அடுத்த ரத்தப் பரிசோதனை வரட்டும் என்று கொஞ்ச நாள். சொன்னால், அன்று ஏன் சொல்லவில்லை என்று மனைவி கேட்பாள். கேட்டால் அந்தப் பொய்யையும் சொல்ல வேண்டும். மதினி ஒருவராக இருந்தால் கேட்டிருக்க மாட்டார். "பழம் சாப்பிடலாம் மதினி" என்ற மூன்று சொல் போதும், காரணம் கேட்காமல் சாப்பிட்டிருப்பார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. நாள் போகப் போக, சொல்லாமல் விட்டதே பெரிய குற்றமாகி, முதலில் செய்த தப்பு அதற்குள் ஒளிந்துகொண்டது.

சஷ்டி விரதத்தை நிறுத்தச் சொன்னேன். நிறுத்திவிட்டார். அதைக்கூட நான் சொல்லித்தான் நிறுத்தினார்.

இப்படியே வருஷங்கள் போயின. மகள் படிப்பு முடித்து வெளிநாடு போனாள். நிக்டியில் புதிது புதிதாகத் தமிழ்ப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து குடியேறினார்கள். மதினிக்குப் பேச ஆள் கிடைக்கும் என்று என் மனைவி ஒன்றிரண்டு பேரைக் கூட்டி வந்தாள். அவர்கள் "எப்படி இருக்கீங்க ஆன்ட்டி" என்று கேட்பார்கள். மதினி "இருக்கேன்" என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும். பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. மாலை முழுவதும் அதில்தான். நான் செய்தி பார்த்து முடித்து டி.வி.யை நிறுத்தும்போது வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. நான் விரும்பிய அமைதி அதுதான்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கும் சர்க்கரை வந்தது. என் டாக்டரிடம் நானே கேட்டேன். "பழத்துக்கு என்ன பயம்? சாறு குடிக்காதீர்கள். பழமாக, அளவோடு, தினம் ஒன்று சாப்பிடுங்கள். பிஸ்கட்டை விடுங்கள்" என்றார். இதை மனைவியிடம் சொன்னேன். மறுநாள் மாலை அவள் ஒரு பேரிக்காயை நறுக்கித் தட்டில் வைத்து என் முன்னால் கொண்டு வந்து வைத்தாள். மேஜையின் எதிர்ப்பக்கம் மதினி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் ஒரு துண்டை எடுத்தேன்.

"ஏங்க," என்றாள் என் மனைவி. "உங்களுக்கு ஆகும்னா அக்காவுக்கும் ஆகும்லா? ரெண்டு பேருக்கும் ஒரே நோய்தானே. அப்ப அவங்களுக்கு மட்டும் ஏன் கூடாதுன்னீங்க?"

அவள் கேட்டதில் குத்தல் ஒன்றும் இல்லை. தெரியாமல்தான் கேட்டாள். நான் துண்டைத் தட்டிலேயே வைத்தேன்.

"அவங்களுக்கும் ஆகும்."

"இப்பதான் அப்படிச் சொல்றாங்களா?"

"இல்லை. அன்னைக்கே சொன்னாங்க. ஆஸ்பத்திரியில அந்த டாக்டரம்மா அன்னைக்கே சாப்பிடலாம்னாங்க. நான்தான் மதினிகிட்ட சொல்லலை. பழம் வேண்டாம்னு சொன்னது நான்னு டாக்டர்கிட்டயும் சொல்லலை. அவங்களாத்தான் சாப்பிடலைன்னு சொன்னேன்."

"இத்தனை வருஷமாவா?" என்றாள் என் மனைவி.

நான் மதினியைப் பார்க்க முயன்றேன். அவர் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அந்தம்மா கைய மடக்கி இத்தாப்பெரிசுன்னு காட்டிச்சுல்லா. பெறவு ஒத்த வெரலக் காட்டிச்சு. திங்கதுமாதிரி வாயிலயும் வச்சுக் காட்டிச்சு. அதுக்கு இந்தி எதுக்குத் தம்பி?"

"தெரிஞ்சும் ஏன் மதினி சாப்பிடலை? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அவர் ஒரு தண்டைக் கிள்ளி ஓரமாக வைத்தார்.

"உங்க வீடுல்லா, தம்பி" என்றார்.

கோபத்தில் சொல்லவில்லை. வழி கேட்டவருக்குத் தெருவின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார். பத்து வருஷத்துக்கு மேல் அந்த வீட்டில் சமைத்திருக்கிறார், பெருக்கியிருக்கிறார், என் மகளுக்குத் தலை பின்னியிருக்கிறார். அவர் ஒருமுறைகூட "நம்ம வீடு" என்று சொன்னதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்களும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை.

என் மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். மன்னியுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் அந்தச் சொல்லை யாரும் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"சாப்பிடுங்க மதினி."

அவர் எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். நாற்காலியில் நேராக உட்கார்ந்தார். ஒரு துண்டை எடுத்துத் தின்றார். பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது. பேசவில்லை, நிறுத்தவில்லை. ஏதாவது பேசுவார் என்று நான் காத்திருந்தேன். ஒரு பழைய கதையை ஆரம்பித்தால் போதும், எத்தனை நேரமானாலும் உட்கார்ந்து கேட்கலாம் என்று இருந்தேன். அவர் மாத்திரையை விழுங்குகிற முகத்தோடு கடைசித் துண்டுவரை தின்று முடித்தார். தட்டைத் துடைத்தாற்போலக் காலியாக்கி, என் பக்கம் திருப்பி வைத்தார்.

"போதுமா, தம்பி?" என்று கேட்டார்.